டீ பார்ட்டிக்காரர்களோடு உங்களுக்கு ஏதாவது அனுபவம் உண்டா?

கரோலினாக்காரன்

2009, 2010இல் அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு டீ பார்ட்டி என்றால் என்ன, சாரா பேலின் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: வரியும் அரசாங்கச் செலவும் குறைய வேண்டும் என்று ஒபாமா காலத்தில் தெருவுக்கு வந்த வலதுசாரி இயக்கம் டீ பார்ட்டி. பேலின் அலாஸ்காவின் முன்னாள் கவர்னர், 2008இல் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர், டீ பார்ட்டிக்காரர்களின் நட்சத்திரம். அரசாங்க உதவித் திட்டத்தைத் திட்டி நிருபர் சான்டெல்லி டிவியில் கத்தியது, மஞ்சள் பாம்புக் கொடி, மூன்று முனைத் தொப்பி எல்லாம் பார்த்திருப்பீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது தென் கரோலினாவில் கிரீன்வில் பக்கம் இருந்தேன். எச்1பி வேலை விசா. பக்கத்து வீட்டுப் பெரியவர் துணி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று தெரிந்தால் கூப்பிடாமலே ஸ்பானரோடு வந்து நிற்பார். 2009 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது, வந்து பார் என்றார். போனால் கராஜில் ஆறேழு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், அட்டையும் மார்க்கருமாக உட்கார்ந்து கோஷம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு எதிராக. பிரிண்டர் மேல் மெடிகேர் (முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு) உறை ஒன்று கிடந்தது. அவருடைய இதய ஆபரேஷன் கணக்கு.

அந்தக் கோடையில்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்து சிம்ப்சன்வில்லில், காங்கிரஸ் உறுப்பினர் பாப் இங்க்லிஸின் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது" என்று சொன்னார். மெடிகேரே அரசாங்கத்துடையதுதான் என்று இங்க்லிஸ் எவ்வளவோ சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. நாடே சிரித்தது. நானும் அதே நினைப்பில் அந்த உறையைக் காட்டிச் சிரித்துவிட்டேன்.

பெரியவர் கோபப்படவில்லை. "உன் சம்பளத்தில் மெடிகேருக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள்?" என்றார். 1.45 சதவீதம், சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 6.2 என்றேன். "நீ வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டால் திருப்பித் தருவார்களா?" மாட்டார்கள். "ஓட்டு?" கிடையாது.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த ஓர் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை. பிரிட்டிஷ் வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டிய காலத்துக் கோஷம், டீ பார்ட்டி என்ற பெயரும் அங்கிருந்துதான். "இங்கே இருக்கிற எல்லாரையும் விட இதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டியவன் நீதான்" என்றார். கராஜில் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நிமிஷம் அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்க்கர் மை காயவில்லை, கட்டைவிரலில் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. விசா ஞாபகம் வந்தது. அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அவர்கள் போனார்கள், நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, போகாதது சரி என்றும் தோன்றவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

கணக்கன்

அண்ணே, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பெரியவர் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட முடியாது. "நான் கட்டிய காசு, நான் வாங்குகிறேன்" என்பது பாதிதான் உண்மை. சம்பளத்தில் பிடிக்கிற மெடிகேர் வரி பார்ட் ஏ, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. டாக்டர் செலவுக்கான பார்ட் பியில் மாதச் சந்தா நாலில் ஒரு பங்குதான் தாங்கும். மீதி பொது வரிப்பணம். ஆகவே அவருடைய டாக்டர் பில்லில் உங்கள் வருமான வரியும் இருந்தது. சிறிய அரசாங்கம் வேண்டும் என்பவர் இதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

என் அனுபவம் சின்னதுதான். 2009 ஏப்ரல் 15, வரி கட்டக் கடைசி நாள். தபால் நிலைய வாசலில் ஒரு கூட்டம். தொப்பி விளிம்பில் டீ பைகள் தொங்க ஓர் அம்மா, என் கையில் ஒரு டீ பையைத் திணித்து "வரி கட்டிக் கட்டி அலுத்துவிட்டது, இல்லையா?" என்றார். நான் ரிஃபண்டு கேட்டுத்தான் உறை போட வந்திருந்தேன். ஊரில் டீ கொடுப்பவர்கள் வெந்நீரும் சேர்த்துத்தானே கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன். அந்த டீ பை பல வருடம் காரின் டாஷ்போர்டில் கிடந்தது. அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம். ஃபைகா வரி, அதாவது சம்பளத்தில் பிடிக்கிற அந்த இரண்டும், திரும்ப வராது என்று அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டுப் புதிதாக வந்த பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது. 40 காலாண்டு, அதாவது பத்து வருட வேலை முடித்துவிட்டால் சோஷியல் செக்யூரிட்டிக்குத் தகுதி வந்துவிடும். அதற்கு முன்னால் இந்தியாவுக்குத் திரும்பினால்தான் நஷ்டம், ஏனென்றால் இரண்டு நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிற ஒப்பந்தம் இந்தியாவோடு அமெரிக்காவுக்கு இல்லை. ஜெர்மனியோடு இருக்கிறது, ஜப்பானோடு இருக்கிறது, நம்மோடு இல்லை. எட்டு வருடம், ஒன்பது வருடம் என்று நிற்பவர்கள் தயவுசெய்து இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் வந்து ஓபிடியில் (படித்தவர்களுக்குக் கொடுக்கும் தற்காலிக வேலை அனுமதி) வேலை செய்பவர்களுக்கு முதல் ஐந்து வருடம் இந்த வரியே கிடையாது. கம்பெனி தெரியாமல் பிடித்தால் கேட்டு வாங்குங்கள். பே ஸ்டப்பை, சம்பளச் சீட்டை, யாரும் பார்ப்பதே இல்லை, அதுதான் நம் ஆட்களின் பெரிய குறை. வருடத்துக்கு ஒருமுறை சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் உங்கள் வருமானக் கணக்கு சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் விட்டுப்போயிருந்தால் கம்பெனி கொடுத்த பழைய டபிள்யூ-2 சம்பளப் படிவம்தான் சாட்சி. குப்பையில் போடாதீர்கள்.

வழிப்போக்கன்

கராஜில் அட்டை எழுதினார்களாம்! அது தானாக வந்த கூட்டமே இல்லை. பின்னால் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் டிக் ஆர்மியின் ஃப்ரீடம்வொர்க்ஸ் அமைப்பு, கோடீஸ்வரர்களான கோக் சகோதரர்கள் ஆதரித்த அமெரிக்கன்ஸ் ஃபார் ப்ராஸ்பெரிட்டி, முன்னால் ஃபாக்ஸ் டிவி. மேடை, பேருந்து எல்லாம் பெரிய காசு. டீ பார்ட்டியின் நாஷ்வில் மாநாட்டில் பேச பேலினுக்கு ஒரு லட்சம் டாலர் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மாநாட்டு டிக்கெட் 549 டாலர். ஏழைகளின் இயக்கமாம்.

பியர்லாண்ட் மாமி

நான் டெக்சாஸில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருந்தவள். எனக்கு டீ பார்ட்டியைவிட அந்தப் பேலின் எழுதிய ஒரே ஒரு பதிவுதான் ஞாபகம். 2009 ஆகஸ்ட் 7, பேஸ்புக்கில். தன் பெற்றோரும், டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் குழந்தையும் ஒபாமாவின் "டெத் பேனல்" முன்னால் போய் நிற்க வேண்டி வரும் என்று எழுதினாள். யாருக்குச் சிகிச்சை என்று அதிகாரிகள் முடிவு செய்யும் மரணக் குழுவாம்! அப்படி ஒன்று ஒபாமாவின் மருத்துவ மசோதாவில் கிடையவே கிடையாது. இருந்தது என்ன என்றால், கடைசிக் காலத்தில் எனக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம் என்று நோயாளி டாக்டரோடு பேச விரும்பினால், அந்தப் பேச்சுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மெடிகேர் டாக்டருக்குக் காசு கொடுக்கும். விருப்பம் இருந்தால் மட்டும்.

எங்களிடம் ஓர் அம்மா இருந்தாள். எண்பத்தாறு வயது, நுரையீரல் போய்விட்டது, ஆக்சிஜன் குழாயோடுதான் எந்நேரமும். தெளிவான மூளை. சீட்டு விளையாடினால் என்னைத் தோற்கடித்துவிடுவாள். வென்டிலேட்டர் வேண்டாம் என்று என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். வாய்ச்சொல் போதாதே, எழுத்தில் வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அன்று பார்த்து மகள் வந்திருந்தாள். படிவத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "இதுதானே அது? சாரா சொன்னது இதுதானே?" என்றாள். இது டெக்சாஸில் பல வருடமாக இருக்கிற படிவம், ஒபாமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டே அந்தத் தாளை மடித்தாள். பாதியாக, கால்வாசியாக, அதையும் பாதியாக, இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு. மடித்ததைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவள் தோளுக்குப் பின்னால் படுக்கையில் இருந்த அம்மா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "விடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றாளா, "பார்த்தாயா என் பெண்ணை" என்றாளா? அடுத்த வாரம் மகள் வராத நாளில் புதுப் படிவம் கொண்டுபோகலாம் என்றிருந்தேன். செவ்வாய்க்கிழமை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வென்டிலேட்டர் போட்டார்கள். பத்தொன்பது நாள்.

மகள் கெட்டவள் இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் நாற்காலியிலேயே தூங்கினாளாம். டாக்டரோடு பேசுவதற்கான அந்தச் சட்டப் பிரிவைக் கடைசியில் மசோதாவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பிறகு 2016இல் சத்தமில்லாமல் மெடிகேர் அதே பேச்சுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தது. ஒருத்தரும் தெருவுக்கு வரவில்லை.

மிச்சிகன் பனி

வழிப்போக்கன், பேலின் ஒரு லட்சம் டாலர் வாங்கினார், சரி. ஆனால் காசு கொடுத்து மேடை போடலாம், கூட்டத்தின் கண்ணீரை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2009 நவம்பர் 18, கிராண்ட் ராப்பிட்ஸ். பேலின் தன் சுயசரிதைக்குக் கையெழுத்துப் போடும் பயணத்தை எங்கள் ஊரில்தான் தொடங்கினார். என் மேனேஜரின் மனைவிக்குப் புத்தகம் வேண்டும், அவருக்கு முழங்கால் வலி, வரிசையில் நிற்க ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். அப்ரைசல் நேரம், மறுக்க முடியுமா? வெடவெடவென்று குளிர். முந்தின ராத்திரியே போர்வையோடு வந்து படுத்தவர்கள் இருந்தார்கள். கையில் பட்டை கட்டிவிட்டு வரிசையில் விட்டார்கள்.

எனக்கு முன்னால் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். ஆபீஸ் நாற்காலி, மேஜை செய்கிற ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு அந்த வசந்தத்தில் லே-ஆஃப் ஆனவர். எங்கள் ஊர் முழுக்க அந்தத் தொழில்தான். ஆபீஸ்களே மூடும்போது யார் மேஜை வாங்குவார்கள்? பேங்குகளைக் காப்பாற்ற அரசாங்கம் 700 பில்லியன், கார் கம்பெனிகளுக்குத் தனியாக, எனக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். கையில் மகனின் ராணுவப் படம். மேஜைக்குப் பக்கத்தில் போனதும் பேச்சே வரவில்லை. படத்தை மட்டும் நீட்டினார். பேலின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற உதவியாளர் வரிசையை நகர்த்தச் சொல்லிச் சாடை காட்டியும் விடவில்லை. நான் எண்ணவில்லை, அரை நிமிஷம் இருக்கும். வெளியே வந்து அந்தப் பெண்மணி கண்ணைத் துடைக்காமலே நின்றார், குளிரில் கன்னம் சிவந்துபோய்.

எனக்குப் பேலினின் ஒரு கருத்தும் உடன்பாடு இல்லை. டிவியில் கேட்டி கூரிக்கின் கேள்விகளுக்கு அவர் திணறிய பேட்டியைப் பார்த்துச் சிரித்தவன்தான். ஆனால் எங்கள் ஊரில் எம்ஜிஆர் கையைத் தொட்டதாகச் சொல்லிக்கொண்டு நாற்பது வருடம் அந்தக் கையைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். அன்று அந்தப் பாட்டி ஞாபகம் வந்தது. முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இரண்டாவது புத்தகம் ஒன்று எனக்காக வாங்கினேன், மேனேஜருக்குச் சொல்லவில்லை. ஏன் வாங்கினேன்? தெரியாது. படிக்கவும் இல்லை.

வழிப்போக்கன்

கையைப் பிடித்தால் வேலை திரும்பி வருமா?

மிச்சிகன் பனி

வராது. கையைப் பிடிக்காமல் இருந்தவர்களாலும் வரவில்லை.

வடதுருவம்

பேலின் பற்றிப் பேசுகிறீர்களே, அவர் ஆண்ட ஊரில் இருந்தவன் நான் ஒருவன்தான் போல. ஆங்கரேஜில் ஆறு வருடம், எண்ணெய் வயல் வேலை. கிரீன் கார்டோடு போனதால் வருடா வருடம் அலாஸ்கா நிரந்தர நிதியிலிருந்து எனக்கும் பங்கு வந்தது. தெரியாதவர்களுக்கு: எண்ணெய் வருமானத்தில் ஒரு பகுதியை 1976லிருந்து ஒரு நிதியில் போட்டு, அதன் லாபத்தை 1982லிருந்து மாநிலத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் பணமாகக் கொடுக்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கும் உண்டு.

2008 செப்டம்பரில் என்ன நடந்தது தெரியுமா? பங்கு 2,069 டாலர். அதோடு எண்ணெய் விலை ஏறியதற்காகத் தலைக்கு 1,200 டாலர் கூடுதல். ஆக 3,269. நாங்கள் நாலு பேர், வீட்டுக்கு 13,076 டாலர். பனிக்கால டயர் மாற்றி, சென்னைக்கு டிக்கெட் போட்டு, மீதியும் இருந்தது. அந்த 1,200 கொடுத்த கவர்னர் யார்? சாட்சாத் சாரா பேலின். பணம் எங்கிருந்து வந்தது? 2007இல் எண்ணெய் கம்பெனிகள் மேல் அவர் உயர்த்திய வரியும் அதில் சேர்த்தி. சொந்தக் கட்சிக்காரர்களையே எதிர்த்து, ஜனநாயகக் கட்சிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நிறைவேற்றிய சட்டம். என் கம்பெனி அந்தச் சட்டத்தை வாயாரத் திட்டியது. அதற்கு முன்னால் வசில்லாவில் மேயராக இருந்தபோதும் விளையாட்டு அரங்கம் கட்ட விற்பனை வரியை அரை சதவீதம் ஏற்றியவர்தான். ஒரே வருடத்தில் இவர் சிறிய அரசாங்கத்தின் அம்மன் ஆகிவிட்டார்.

2010இல் ஹூஸ்டனுக்கு மாற்றலாகி வந்தேன். பக்கத்து மேஜைக்காரர் தீவிர டீ பார்ட்டி. லாரி பின்னால் பாம்பு ஸ்டிக்கர். பணத்தைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுப்பது சோஷலிசம் என்று தினமும் மதியச் சாப்பாட்டோடு பாடம். ஒருநாள் பொறுக்க முடியாமல், உங்கள் தலைவி எனக்கு 1,200 டாலர் சும்மா கொடுத்தார் என்றேன். நம்பவில்லை. பழைய பேங்க் கணக்கைத் திறந்து காட்டினேன். திரையில் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு மெதுவாக, "அது சோஷலிசம் இல்லை. அது மக்களுடைய எண்ணெய்" என்றார்.

மக்களுடைய எண்ணெய்! என்ன பதில் சொல்வது? அலாஸ்கா அரசியல் சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அவர் நொடியில் அதைப் பிடித்துவிட்டார், படிக்காமலே. தண்ணீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எதுவும் அவருக்கு மக்களுடையது இல்லை, எண்ணெய் மட்டும் மக்களுடையது. அன்றைக்கு அவரை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இப்போது நினைத்தால், பேச்சைத் தொடர நல்ல வாசல் திறந்த இடம் அது. நான் சாம்பார் சாதத்தை மூடி வைத்துவிட்டு மீட்டிங் போய்விட்டேன்.

பியர்லாண்ட் மாமி

வடதுருவம் தம்பி, 13,000 டாலர் வாங்கிக்கொண்டு "அம்மன்" என்று கிண்டலா? எங்கள் டெக்சாஸில் சொத்து வரி கட்டியே முதுகு ஒடிகிறது. கொஞ்சம் நன்றி வேண்டும்.

வடதுருவம்

மாமி, வாங்கிய டயருக்கு இன்னும் நன்றியோடுதான் இருக்கிறேன்.

கொலம்பியா மாணவன்

2010 மே 14, தென் கரோலினா தலைநகர் கொலம்பியா, ஸ்டேட் ஹவுஸ் படிக்கட்டு. கவர்னர் பதவிக்குக் குடியரசுக் கட்சிக்குள் நடந்த போட்டியில் நிக்கி ஹேலி பின்தங்கியிருந்தார். அவரை ஆதரிக்கப் பேலின் வந்தார். நான் அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவன். நூலகத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழி அதுதான். கூட்டத்தைப் பார்த்து நின்றேன்.

மஞ்சள் கொடி பிடித்த ஒரு தாத்தா நகர்ந்து வந்து இடம் கொடுத்தார். கூட்டத்தில் என் நிறத்தில் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "நீ நிக்கியின் ஆட்களில் ஒருவனா?" என்று கேட்டார். ஹேலி பாம்பெர்க்கில் பிறந்த பஞ்சாபிப் பெண். அப்பா சீக்கியர், தலைப்பாகை கட்டுபவர். நான் தூத்துக்குடி. அவர் கேட்டது எந்த அர்த்தத்தில் என்று புரிந்தது. இல்லை, நான் வேறு மாநிலம், வேறு மொழி, வேறு மதம், உங்கள் கொள்கைக்கும் எனக்கும் ஒட்டாது என்று விளக்கலாம். "ஆமாம்" என்றேன். தாத்தா என் முதுகில் ஓங்கித் தட்டி, பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் "இவர் நிக்கியின் சொந்தக்காரர்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாலைந்து பேர் வந்து கை குலுக்கினார்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். ஓர் அம்மா, அவளிடம் சொல், நாங்கள் ஜெபம் செய்கிறோம் என்றார். சொல்கிறேன் என்றேன்!

மூன்று வாரம் கழித்து அவருடைய கட்சியைச் சேர்ந்த மாநில செனட்டர் ஒருவரே ஹேலியைத் தலைப்பாகையை வைத்து இழிவாகப் பேசினார். அதே ஜூன் 22ஆம் தேதி நடந்த இரண்டாம் சுற்று உட்கட்சித் தேர்தலில் ஹேலி சுலபமாக ஜெயித்தார். அந்தத் தாத்தா மாதிரி ஆட்கள்தான் ஓட்டுப் போட்டிருப்பார்கள். இனவெறிக் கூட்டம் என்று என் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் முதுகில் விழுந்த அந்தத் தட்டு ஞாபகம் வரும். அதே நேரம், நான் "ஆமாம்" என்று சொல்லாமல் இருந்திருந்தால் தண்ணீர் கொடுத்திருப்பார்களா என்பதும்.

கணக்கன்

தம்பி, கொடுத்திருப்பார்கள். தெற்கில் தண்ணீர் எல்லாருக்கும் கொடுப்பார்கள்.

கரோலினாக்காரன்

கணக்கன் சார், ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவே இல்லை என்று சொல்லி, அவர் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு அட்டை பிடித்தவர்களும் அதே கூட்டத்தில்தான் நின்றார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரும் அதை நம்பினார். குழாயும் சரிசெய்வார், அதையும் நம்புவார். இரண்டையும் ஒரே மனிதனிடம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் நான் இந்த இழையையே தொடங்கினேன்.

ஷார்ட் பம்ப்

எல்லாரும் அவர்களைப் பார்த்த கதை சொல்கிறீர்கள். நான் அவர்களுக்கு ஓட்டுப் போட்டவன்.

வர்ஜீனியா, ரிச்மண்டுக்கு மேற்கே. 2014 ஜூன் 10. குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல். எங்கள் தொகுதியில் எரிக் கேன்டர், காங்கிரஸ் கீழவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், அடுத்த சபாநாயகர் என்று பேச்சு. எதிரே டேவ் பிராட், கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர், டீ பார்ட்டி ஆதரவு. வர்ஜீனியாவில் கட்சிப் பதிவு கிடையாது, யார் வேண்டுமானாலும் அந்தக் கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நான் குடியுரிமை வாங்கி ஒரு வருடம். கேன்டர் மேல் எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. பெரிய ஆள், தொகுதிப் பக்கமே வருவதில்லை என்ற எரிச்சல். ஒரு குட்டு வைக்கலாம், எப்படியும் ஜெயித்துவிடுவார் என்று பிராட்டுக்குக் குத்தினேன். இரண்டு நிமிஷ வேலை. ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

ராத்திரி பார்த்தால் பிராட் 7,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். அவர் பிரச்சாரம் முழுக்கக் கேன்டர் குடியேற்றச் சீர்திருத்தத்துக்குத் துணை போகிறார் என்பதுதான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. 2013 ஜூனில் செனட் 68-32 என்று நிறைவேற்றிய மசோதா ஒன்று கீழவையில் கிடந்தது. வேலைவழி கிரீன் கார்டுக்கு நாட்டுக்கு இத்தனைதான் என்ற வரம்பை எடுத்துவிடும் மசோதா. இந்தியர்களின் வரிசை அதோடு கலைந்திருக்கும். கேன்டர் தோற்ற மறுநாளே எல்லாப் பத்திரிகையும் எழுதியது, இனி ஒரு குடியரசுக் கட்சிக்காரரும் அதைத் தொடமாட்டார் என்று. தொடவில்லை.

என் தம்பி அந்த வரிசையில்தான் நின்றான். இப்போதும் நிற்கிறான். அன்று காலை சட்டையில் ஸ்டிக்கரோடு படம் எடுத்து குடும்ப குரூப்பில் போட்டிருந்தேன். சாயங்காலம் தம்பி கேட்டான், "அண்ணா, யாருக்குப் போட்ட?" கேன்டருக்கு என்றேன். அவன் நம்பவில்லை என்று நினைக்கிறேன். அப்புறம் கேட்டதும் இல்லை.

வழிப்போக்கன்

உங்கள் ஒரு ஓட்டால் ஒன்றும் ஆகியிருக்காது சார். 7,000 வித்தியாசம்.

ஷார்ட் பம்ப்

கணக்கு எனக்கும் தெரியும்.

கணக்கன்

தம்பியின் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் இடம் பிடித்த நாள், என்ன? வேலைவழி கிரீன் கார்டில் இபி-3 பிரிவிலிருந்து இபி-2க்கு மாற்றியிருக்கிறாரா? மனைவி வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால் அந்த நாட்டின் வரிசையைப் பிடிக்க வழி இருக்கிறது. தனியாக எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். நல்ல வக்கீலிடம் ஒரு தடவை

பியர்லாண்ட் மாமி

கணக்கன் சார், நடுவில் புகுவதற்கு மன்னிக்கணும், பதிவும் பாதியில் நிற்கிறது. என் நாத்தனாரின் மாமியார், கிரீன் கார்டில் வந்து வருகிற மாசியோடு ஐந்து வருடம் ஆகிறது. எழுபத்தொரு வயது. இங்கே ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. அவருக்கு மெடிகேர் கிடைக்குமா?

கணக்கன்

கிடைக்கும் மாமி. 65 வயதுக்கு மேல், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே இருந்திருந்தால் போதும். வேலைக் கணக்கு இல்லாததால் பார்ட் ஏவுக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டும், அது அதிகம். நடுவில் ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தாரா? பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பியர்லாண்ட் மாமி

கோவிட் சமயம் இல்லை, அதற்கப்புறம்தான் வந்தார். பேரன் கல்யாணத்துக்கு ஒரு தடவை போனார், எத்தனை மாதம் என்று கேட்டுச் சொல்கிறேன். சீக்கிரம் வாங்கிவிட வேண்டும் சார், இந்த அரசாங்கம் எப்போது கையை வைக்கும் என்று சொல்ல முடியாது.